ராத்திரி ஷிப்ட் பார்த்த கிளை

வில்லாபுரத்துச் சந்தின் முனையில் நின்ற முருங்கை மரம் யாருடையதும் அல்ல. அதனால் எல்லாருடையதுமாக இருந்தது.

அது சண்டைக் காலம். பர்மா அரிசி வருவது நின்றுபோயிருந்தது. ரேஷனில் போட்ட அரிசி வாரம் முடியும் முன்பே தீர்ந்துவிடும். பிறகு அந்தச் சந்தின் அடுப்புகளில் கேப்பைக் கூழும் முருங்கைக் கீரையும்தான் கொதித்தன.

தங்கப்பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்பாள். தாழ்ந்த கிளைகள் எல்லாம் மொட்டையாக இருக்கும். பகலில் வீட்டில் இருப்பவர்கள் பறித்திருப்பார்கள். உச்சியில், தெரு விளக்குப் பக்கமாக வளைந்த ஒரு கிளையில் மட்டும் கீரை பச்சை மேகம் போலத் தொங்கும்.

மரத்தில் ஏற முடியாது. முருங்கைக் கிளை மடக்கென்று முறிந்துவிடும். முனையில் கொக்கி கட்டிய நீளமான தொரட்டியால்தான் இழுக்க வேண்டும். தங்கப்பொண்ணு தொரட்டியைத் தூக்கினால், தொரட்டி அவளை இழுத்துக்கொண்டு போகும்.

அப்பா பட்டாளத்தில் இருந்தார். அம்மா ராக்கம்மாள் மில்லுக்குப் போனாள். இருட்டோடு போய், விளக்கு வைத்த பிறகுதான் வருவாள்.

அன்றும் தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்தாள். முகம்கூடக் கழுவாமல் தொரட்டியைக் கையில் எடுத்தாள்.

"மதினி, வெளக்கு வச்சாச்சு" என்று எதிர்வீட்டுச் சுந்தரம்மாள் குரல் கொடுத்தாள். "மரம் தூங்குற நேரம். இப்பப் போய்ப் பறிக்கலாமா?"

"நாளைக்கும் நான் இந்நேரம்தானே வருவேன்?"

"அதுக்காக? தூங்குற பிள்ளையத் தலைமுடியப் பிடிச்சு இழுப்பீகளா?"

அம்மா தொரட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். தூங்கும் மரத்தைத் தொடக் கூடாது என்று அவளும் நம்பினாள்.

கூழ் தண்ணீராக இருந்தது. தம்பி கருப்பு கும்பாவுக்குள் எட்டிப் பார்த்தான்.

"இதுல என் மூஞ்சி தெரியுது" என்றான்.

அம்மா தன் கூழை அவன் கும்பாவில் ஊற்றினாள். "எனக்குப் பசிக்கல. நீ குடி."

"நேத்தும் பசிக்கலன்னுதானே சொன்ன?" என்றாள் தங்கப்பொண்ணு.

தங்கப்பொண்ணு வாசலில் வந்து உட்கார்ந்தாள். மரத்தின் இலைகள் மடிந்து, தலை கவிழ்ந்து தொங்கின. மரத்துக்குக் கனவு வருமா? வந்தால் என்ன கனவு வரும்? பெரிய மழையா? நடந்துபோய்ப் பார்க்க ஒரு கடலா? அப்பா இருக்கும் ஊரில் மரங்களும் இதே நேரத்தில்தான் தூங்குமா?

உச்சிக் கிளையைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்றாள். தெரு விளக்கின் வெளிச்சம் நேராக அதன் மேல் விழுந்தது. அதன் இலைகள் மட்டும் விரிந்தே இருந்தன. எல்லாரும் தூங்கும் வீட்டில் ஒருவர் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பது போல.

மறுநாள் சனிக்கிழமை. மரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, சுந்தரம்மாளின் வீட்டுக்காரர் மொக்கைச்சாமி தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு மில்லில் ராத்திரி ஷிப்ட். காகம் கத்தினால்கூடச் சுந்தரம்மாள் கையை ஓங்குவாள்.

அவள் சத்தம் இல்லாமல் தொரட்டியை உச்சிக் கிளைக்கு உயர்த்தினாள். தங்கப்பொண்ணு ஓடி வந்தாள்.

"அத்தே, மெல்ல. தூங்குது."

"மாமாவா? அவரு எந்திரிக்க மாட்டாரு."

"மாமா இல்ல. அந்தக் கெளை."

"பட்டப்பகல்ல எந்தக் கெளைடி தூங்கும்?"

"ராத்திரி ஷிப்ட் பாக்குற கெளை."

சுந்தரம்மாள் சிரிப்பு வெளியே வராமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அத மில்லுல சேத்துவிட்டது யாரு?"

"தெரு வெளக்கு. ராத்திரி அதத் தூங்க விடமாட்டேங்குது, அத்தே. மத்த எலையெல்லாம் மடங்கினாலும் அது முழிச்சே இருக்கு. சாயங்காலம் நீங்களே வந்து பாருங்க. முழிச்சிருந்தா எங்கம்மா பறிக்கலாம்ல?"

"அப்ப, பகல்ல நான் அதத் தொடக் கூடாதாக்கும்? எனக்கும் நாலு பிள்ளைக."

அந்த நான்கு பிள்ளைகளையும் தங்கப்பொண்ணுக்குத் தெரியும்.

"மத்ததெல்லாம் ஒங்களுக்கு" என்றாள் மெதுவாக. "அது ஒண்ணு மட்டும்."

சுந்தரம்மாள் கட்டிலைப் பார்த்தாள். கிளையைப் பார்த்தாள். பிறகு தொரட்டியை வேறு கிளைக்கு மாற்றினாள். அதில் கொஞ்சம்தான் கீரை இருந்தது.

விளக்கு வைத்த பிறகு அம்மாவும், மில்லில் கூட வேலை செய்யும் அதே சந்துப் பெண்கள் இரண்டு பேரும் சந்துக்குள் நுழைந்தார்கள். சுந்தரம்மாள் மரத்தடியில் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். பக்கத்தில் தங்கப்பொண்ணு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கீழ்க் கிளைகள் எல்லாம் தூங்கிவிட்டன. உச்சிக் கிளை விளக்கொளியில் அகலமாக விரிந்து நின்றது.

"ஆமாடி" என்றாள் சுந்தரம்மாள். "முழிச்சுக்கிட்டுத்தான் நிக்குது."

அவளே தொரட்டியை எடுத்துக் கிளையை வளைத்தாள். "மதினி, என்ன பாத்துக்கிட்டு? மடியப் பிடிங்க."

இலைகள் வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டே அம்மாவின் மடியில் விழுந்தன. அந்த மூன்று பேர் வீட்டுக்கும் போதுமான கீரை விழுந்தது; கிளையில் இன்னும் மிச்சம் இருந்தது.

அன்றைக்குக் கருப்பு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டு, பல்லிடுக்கில் பச்சையோடு தூங்கிப்போனான். அம்மாவுக்கும் பசித்தது.

விடிந்ததும் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். சுந்தரம்மாள் தொரட்டியோடு நின்றிருந்தாள்.

"தங்கப்பொண்ணு, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. மில்லு லீவு."

"ஆமா அத்தே."

"இல்ல, சும்மா கேக்குறேன். அந்தக் கெளைக்கும் லீவு உண்டா?"

தங்கப்பொண்ணு அண்ணாந்து பார்த்து யோசித்தாள்.

"உண்டு அத்தே" என்றாள். "லீவு அன்னைக்குப் பகல்ல எதுக்குத் தூங்கப்போகுது? வாங்க, நானும் ஒரு கை பிடிக்கிறேன்."