இந்திராணி டீச்சர் நட்ட புங்கங்கன்று

செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடவேளையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சேறு ஏற்ற வேண்டும். இந்திராணி டீச்சர் மேசையிலிருந்த விசையைத் திருப்பினார். முப்பது பிள்ளைகளின் மணிக்கட்டுக்குள் பதித்திருந்த உணர்வுச் சில்லுகள் விழித்துக்கொண்டன. விரலிடுக்கில் குளிர்ந்த சேறு வழிவதை உணர்ந்து வகுப்பே கூச்சலிட்டது. கைகள் மட்டும் சுத்தமாகவே இருந்தன. போன வாரம் மண்வாசனை கொஞ்சம் தூக்கலாகிவிட்டதென்று இரண்டு பெற்றோர்கள் புகார் கொடுத்திருந்ததால், இன்று அதைப் பாதியாகக் குறைத்திருந்தார்.

நொய்யல் கவிகை நகரத்தில் இது அன்றாடம் நடப்பதுதான். நச்சுக்காற்றுக்குப் பயந்து ஊர் முழுவதையும் கண்ணாடிக் கூரையால் மூடி நூற்றுப் பத்து வருடமாகிறது. வெளியே காற்றும் மண்ணும் தேறிவிட்டன, தாராளமாகப் போகலாம் என்று அரசு அறிவித்தும் இருபது வருடமாகிறது. யாரும் போகவில்லை. வெளியே வெயில் அடிக்கிறதாம்.

இந்திராணி இருபத்து நான்கு வருடமாகச் சூழலியல் ஆசிரியை. மண்ணைப் பற்றி அவர் பேசினால் கேட்பவர் கண் கலங்கும். பேசுகிற அவருக்கே கலங்கும். ஆனால் மண்ணை அவர் தொட்டதே இல்லை. புழு இருக்குமே என்று பயம். அந்த வெட்கத்தை யாருக்கும் தெரியாமல் இத்தனை வருடம் கட்டிக் காத்தாயிற்று. இப்போது கல்வித்துறை ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டது. சூழலியல் ஆசிரியர்கள் அனைவரும் கூரைக்கு வெளியே நடக்கும் களப்பட்டறையில் தம் கையால் ஒரு கன்று நட்டுத் தேற வேண்டும். தேறாதவர் இனி வகுப்புக்குள் நுழைய முடியாது.

பாடம் நடத்துவதைத் தவிர இந்திராணிக்கு வேறொன்றும் தெரியாது. அதனால் ஒரு தப்பு செய்தார். மருத்துவர்கள் போட்டுக்கொள்ளும் மெல்லுறையை, உற்றுப் பார்த்தாலும் தெரியாத ரகக் கையுறையை, வாங்கி இரண்டு கைகளிலும் மாட்டிக்கொண்டு வண்டியேறினார்.

பட்டறைக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். சொல்லிக்கொடுக்க விவரம் தெரிந்த மனிதர் ஒருவரும் மிஞ்சவில்லை என்பதால் களநெறியன் என்ற எந்திரத்திடம் பொறுப்பை விட்டிருந்தார்கள். அது ஆளுக்கு ஒரு குழியையும், பையில் வளர்ந்த ஒரு புங்கங்கன்றையும் காட்டியது.

"முன்னோர் எப்படிச் செய்தார்களோ அப்படியே செய்யுங்கள். நான் குறுக்கிட மாட்டேன்" என்றது. அதன் பறக்கும் கண்கள் தலைக்கு மேலே வட்டமிட ஆரம்பித்தன.

இந்திராணியின் பக்கத்துக் குழி நாச்சிமுத்துவுக்கு. போன வருடம்தான் வேலையில் சேர்ந்த ஆசிரியர். எடுத்த எடுப்பில் மண்டியிட்டுக் கையை முழங்கை வரை மண்ணுக்குள் விட்டார்.

"டீச்சர், இங்க வந்து பாருங்க! உள்ள ஈரமா இருக்குதுங்க! உசுரோட ஒரு புழு நெளியுது!"

"நீங்க பாருங்க. நான் இங்கிருந்தே பாத்துக்கறனுங்க" என்றார் இந்திராணி.

பறக்கும் கண் ஒன்று அவரிடம் வந்தது. கையைப் பார்த்துவிடுமோ என்ற பயத்தில் முகத்தை அதற்கு நேராகத் திருப்பிப் பல் தெரியச் சிரித்தார். இரண்டு விரலால் கன்றின் உச்சியைப் பிடித்துக் குழிக்கு மேலே காட்டினார். பையைக் கிழித்தால் மண் கொட்டும். ஆகவே பையோடு உள்ளே இறக்கி, செருப்புக் காலால் நாலு கட்டி மண்ணைத் தள்ளினார். கண் நகர்ந்ததும் அவரும் நகர்ந்துவிட்டார். பந்தல் நிழலில் ஒரு புட்டி பழச்சாறு குடித்தார். பதற்றத்தில் காலிப் புட்டியை அங்கேயே போட்டார்.

நாச்சிமுத்து தண்ணீர் தேடிக்கொண்டு வந்தவர் அவருடைய குழியை எட்டிப் பார்த்தார்.

"பையக் கிழிக்கலீங்களா டீச்சர்? வேரு உள்ளயே சுருண்டு போயிருமுங்களே."

"கிழிச்சுக்கலாமுங்க... அப்பறமா."

அவர் சரியென்று தலையாட்டிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது. பிள்ளைகளின் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தபோது இந்திராணிக்குக் குடித்த பழச்சாறு கசந்தது.

மாலையில் எல்லாரையும் உட்காரவைத்துக் களநெறியன் முடிவை அறிவித்தது.

"முதலிடம், இந்திராணி. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு."

கைதட்டினார்கள். தன் காதையே நம்பாமல் அவர் உட்கார்ந்திருந்தார்.

"தேறாதவர் ஒருவர்தான். நாச்சிமுத்து" என்று எந்திரம் தொடர்ந்தது. "பறக்கும் கண்ணைப் பார்க்காமல் நாற்பது நிமிடம் கன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பையைக் கிழித்தார். எல்லாரும் குழியைவிட்டு நகர்ந்த பிறகும் திரும்பிப் போய்த் தண்ணீர் ஊற்றினார். முன்னோர் இப்படிச் செய்ததற்கு ஆதாரம் மிகக் குறைவு."

நாச்சிமுத்துவின் முகம் செத்துவிட்டது. நகக்கண்ணெல்லாம் மண்ணாக இருந்த கைகளை மடிக்குள் ஒளித்துக்கொண்டார். ஒளிக்க வேண்டிய கை எது என்று இந்திராணிக்குத் தெரியும். எழுந்துவிட்டார்.

"இது அநியாயமுங்க! நான் மண்ணத் தொடவே இல்ல. ஏமாத்திட்டேன்." மெல்லுறையைப் பாம்புச் சட்டை மாதிரி உரித்து மேசைமேல் போட்டார். "எனக்குக் குடுத்தத அவருக்குக் குடுங்க. நட்டவரு அவருதானுங்க."

"நீங்கள் ஏமாற்றியதாக நான் கருதவில்லை" என்றது களநெறியன் அமைதியாக. "இருபத்தோராம் நூற்றாண்டில் நடந்த மரம் நடு விழாக்களும் களப்பட்டறைகளுமாக நாற்பதாயிரம் படப்பதிவுகள் எனக்குக் கிடைத்தன. அவற்றிலிருந்துதான் மதிப்பீட்டு முறையைக் கற்றேன். கையுறை உண்டு. கன்றைவிட்டுப் படம் எடுப்பவரைப் பார்ப்பது உண்டு. பையோடு நடுவது உண்டு. காலிப் புட்டி அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு. அவர்கள் உலகத்தைக் காக்க முனைந்தவர்கள். அவர்களுக்குத் தெரியாததா?"

இந்திராணி தலையைக் குனிந்துகொண்டார். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. பறக்கும் கண் ஒன்று அருகே வந்து அவர் முகத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. எந்திரம் மறுபடி கணக்குப் போட்டது.

"ஒரு திருத்தம். உங்கள் தலை குனிந்திருக்கிறது, பேசியபோது குரல் நடுங்கியது. இதன் பெயர் வெட்கம் என்று அகராதி சொல்கிறது. நாற்பதாயிரம் பதிவுகளில் ஒன்றில்கூட இது இல்லை. ஆகவே இரண்டு மதிப்பெண் குறைக்கிறேன். அப்போதும் முதலிடம் உங்களுக்குத்தான்."