டூல் விலகிப் போன இடம்

வெறும் காற்றில் டூல் எதையோ தாண்டிப் போனது.

கணினி சொல்கிற வழியில் உலோகத்தைச் செதுக்கும் மெஷின் அது; அதன் கண்ணாடிக் கதவுக்கு இப்பால் நின்ற பட்டறைக்காரர் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகித்தார். புதுப் புரோகிராம் எதையும் அவர் எடுத்த எடுப்பில் உலோகத்தில் ஓட்ட மாட்டார். மெஷின் அளவைத் தொடங்கும் பூஜ்யத்தை ஒரு சாண் உயர்த்தி, சூடு தணிக்கப் பீய்ச்சும் கூலண்டை நிறுத்தி, மெஷினை நிறுத்தும் சிவப்புப் பட்டன்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, முதல் ஓட்டத்தைக் காற்றிலேயே ஓட்டிப் பார்ப்பார். துணிக்கடையில் நாலு பக்கமும் இழுத்துப் பார்க்காமல் பணப்பையைத் தொடாத குணம்.

மெஷினுக்குள் இருக்கும் மேசையில் கட்டியை இறுக்கிப் பிடிக்கிற வைஸ் இல்லை, கிளாம்ப் இல்லை, அலுமினியக் கட்டியைக்கூட இன்னும் ஏற்றவில்லை. ஆனாலும் நேராகப் போகவேண்டிய டூல் பாதி வழியில் எழும்பி, அந்தரத்தில் வளைந்து, மறுபக்கம் மெல்ல இறங்கியது. தூங்குகிறவரின் காலைத் தாண்டிப் போகிற பதவிசோடு.

டூலின் பாதையைக் கணக்கிடும் கேம் (CAM) மென்பொருளுக்குத் தானாக எதுவும் தெரியாது. இங்கே வைஸ் இருக்கிறது, இங்கே கிளாம்ப் இருக்கிறது என்று திரையில் வரைந்த மாடலில் வைத்துக் காட்டினால் விலகும். காட்டாவிட்டால் முட்டி மூக்கை உடைத்துக்கொள்ளும். அவர் எதையும் காட்டவில்லை. அப்படியானால் வேறு யாரோ காட்டியிருக்கிறார்கள்.

யாரென்று யோசிக்க வெகுநேரம் பிடிக்கவில்லை. மைத்துனன். மனைவியின் தம்பி, பட்டறையில் பாதிப் பங்கு, வாயில் வெல்லம். போன வாரம் எதிர்ப் பட்டறைக்காரனின் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டு நின்றதை இவரே பார்த்தார். நாளைக் காலை மாதிரித் துண்டைப் பார்க்கக் கம்பெனி ஆட்கள் வருகிறார்கள். அது சொதப்பினால் வேலை எதிரே போகும், இந்தப் பட்டறைக்குப் பூட்டு விழும். அதனால்தான் மைத்துனனிடமிருந்து சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம், ஷட்டரை இறக்கி உள்பக்கம் பூட்டிவிட்டுத் தனியாக நிற்கிறார்.

மடிக்கணினியின் இணைய வயரைப் பிடுங்கி எறிந்தார். பாதைகள் எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிடச் செய்து மறுபடி ஓட்டினார். பழைய கூலண்டின் புளித்த வாடை தொண்டையில் ஒட்டியது. தலைக்குமேல் ட்யூப்லைட் விட்டு விட்டு முனகியது. டூலைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் நிழல் கண்ணாடியில் போவதும் வருவதுமாக இருந்தது. இந்தத் தடவை டூல் எழும்பவில்லை. வந்தது, தயங்கியது, அகலமாகச் சுற்றிக்கொண்டு போனது. சுற்றிய இடம் முன்னைவிடப் பெரியது. கதவுக்கும் பக்கம்.

மைத்துனனைப் போனில் பிடித்தார்.

"மாப்ள, புரோகிராம்ல என்னத்தடா கைய வெச்ச?"

"நானா? உங்க லேப்டாப்பத் தொட்டா கை வெந்துரும்னு அக்காவே சொல்லும். நான் எங்க தொட?"

"நடிக்காத."

"நடிக்கத் தெரிஞ்சா இரும்புத் தூள்ல ஏன் மாமா கெடக்குறேன்? மாடல்ல எதாவது மறைஞ்சு கெடக்கா பாருங்க. நம்ம கண்ணுக்குத்தான் மறையும், டூல் விலகித்தான் போகும். இருங்க, நானே வரேன்."

"வந்தாலும் திறக்க மாட்டேன்."

மறைத்தவற்றை எல்லாம் காட்டும்படி மென்பொருளுக்குச் சொன்னார்.

திரையில் மெஷினின் மேசை. மேசைமேல் ஓர் உருவம். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் கவிழ்த்து, கதவோரமாகக் குந்தியிருந்தது. சாம்பல் நிறம். முகம் செதுக்கப்படவில்லை. விரல்கள் மட்டும் நகம் வரைக்கும் செதுக்கப்பட்டிருந்தன.

திரையை விட்டு ஓர் அடி பின்வாங்கினார். பிறகு சிரிப்பு வந்தது. சரக்கில் பேய் இருக்கிறது என்று மிரட்டி, அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போகிற வித்தை! பயந்து பங்கை விட்டுவிடுவேன் என்று பார்க்கிறானா?

கண்ணாடிக் கதவை அகலத் திறந்தார். வெறுங்கையை உள்ளே விட்டு, மேசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தடவினார். ஒன்றுமில்லை. வெறும் இரும்பு. ஆனால் கூலண்ட் ஓடாத மேசை, கதவோரத்தில் மட்டும் ஈரமாக இருந்தது. கையைக் கால்சட்டையில் துடைத்தார். கதவைச் சாத்தினார். மாடலில் அந்த உருவத்தை அழித்தார். மீண்டும் கணக்கிட்டார்.

ஓட்டினார்.

டூல் நேராகப் போனது. நேராக வந்தது. எங்கும் எழும்பவில்லை. எதையும் சுற்றவில்லை.

மூச்சு இறங்கியது. அப்படி வா வழிக்கு.

ஷட்டரில் தட்டும் சத்தம்.

"மாமா! நான்தான். திறங்க."

"சரியாயிருச்சுடா! உன் பொம்மைய அழிச்சுட்டேன்."

"எந்தப் பொம்ம?"

அந்தக் குரலில் வெல்லம் இல்லை. நடிப்பும் இல்லை. வாங்குகிறவன் முகத்தைப் பார்த்தே விலை சொல்கிற ஆளுக்கு, பொய்க் குரல் தெரியும். மெய்க் குரலும் தெரியும்.

அழித்தது உண்மையிலேயே அழிந்ததா? மெஷினை நிறுத்தாமல், பட்டன்மேலிருந்த கட்டைவிரலை எடுக்காமல், திரைப் பக்கம் திரும்பினார்.

மேசை காலி. மெஷின் காலி. உள்ளே விலக ஒன்றுமில்லை.

படத்தைச் சிறிதாக்கினார். மெஷின் சுருங்கியது. அதன் கதவு தெரிந்தது. கதவுக்கு வெளியே, ஆள் நின்று ஓட்டும் இடம் தெரிந்தது.

அங்கே இரண்டு உருவங்கள்.

முன்னால் ஒன்று. சற்றுத் தொந்தி. சிவப்புப் பட்டன்மேல் கட்டைவிரல்.

அதன் முதுகோடு முதுகாக ஒட்டியபடி இன்னொன்று. குந்தியிருக்கவில்லை. நிமிர்ந்து, முன்னதைவிட ஒரு தலை உயரமாக.

"மாமா, சாவி உங்ககிட்டதான இருக்கு? திறங்க மாமா!"

சாவிக்குக் கையை எடுக்க நினைத்தார். எடுக்கவில்லை. திரையில், பின்னால் நின்றது முதுகைக் காட்டிக்கொண்டிருக்கவில்லை. எப்போது திரும்பியது? அதன் கை முன்னதன் தோளைத் தாண்டி, மார்பில் இறங்கி, நகம் வரைக்கும் செதுக்கிய விரல்கள் சட்டைப் பைக்குள்.

பட்டறைக்காரரின் சட்டைப் பை சில்லென்று நனைந்தது.