பூதத்துக்கு எத்தனை கை

இருபது வரைவுகளும் ஒரே பெட்டியில் வந்து இறங்கின. மேலே இருந்ததில் பொறியின் சூடு இன்னும் ஆறவில்லை. மதிவதனி இருபதாவதை எடுத்துக்கொண்டு சன்னலோரம் போய்விட்டாள். அவள் கணவன் பூபதி ஒன்றாவதிலிருந்து தொடங்கினான். ஒழுங்கான ஆள் என்பதால் அல்ல. அதில்தான் தன்னைப் பற்றி அதிகம் இருக்கும் என்று நம்பியதால்.

முதிர்பொறிக்கு இரண்டு தீனி வேண்டும். ஒன்று, நாவலின் முதல் கையெழுத்துப் படி. இன்னொன்று, அதை எழுதியவர். ஆளையே உள்ளே தள்ள முடியாது என்பதால், மிளகளவு செவிமணி ஒன்றை அவர் காதுக்குப் பின்னால் ஒட்டிவிடுவார்கள். அவர் சிரிப்பது, சலித்துக்கொள்வது, பாத்திரத்தை எவ்வளவு சத்தமாகக் கீழே வைக்கிறார் என்பது வரை அது இரண்டு மாதம் கேட்டுக்கொள்ளும். இந்த ஆள் இந்த வீட்டில் இருந்துகொண்டு இந்தக் கதையைத் திருத்தினால் வருடா வருடம் அது எப்படி மாறும் என்று கணக்கிட்டு, இருபது வருட உழைப்பை ஒரே மதியத்தில் பொறி அச்சடித்துத் தரும். அடித்தல் திருத்தல் உண்டு. காப்பிக் கறைக்குத் தனிக் கட்டணம்.

மதிவதனி கோயமுத்தூரில் கணக்கு டீச்சர். பரீட்சை ஹாலில் பிள்ளைகளைக் கண்காணித்தபடியே நாவலை எழுதினாள். ஊரிலிருந்து திருட்டுப்போன மழையைத் தேடி ஓவியை என்ற பெண் ஏழு கடல் தாண்டுகிற கதை. அவளுக்குத் துணையாக வரும் பூதம் மட்டும் கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்தது. தொந்தி, குறட்டை, தேங்காய் பன் மேல் இருந்த பக்தி எல்லாமே பூபதியிடமிருந்து எடுத்தவை.

முதல் வருட வரைவில் பூதத்துக்குப் பத்துக் கை. ஓவியையைத் தூக்கிக்கொண்டு கடல் கடந்தது. மூன்றாம் வருடம் ஆறு கை. மீதி நான்கு எங்கே போயின என்று விளக்கமில்லை. ஐந்தாம் வருடம் இரண்டே கை, அதில் ஒன்று எந்நேரமும் ஒரு மாயக்கண்ணாடியைப் பிடித்திருந்தது. ஓவியை எது பேசினாலும் பூதம் அதிலிருந்து கண்ணெடுக்காமல் "ம்" என்றது. ஏழாம் வருடம் அது வெறும் வாயிற்காவலன், அதுவும் தூங்குகிறவன்.

ஒன்பதாம் வருடம் பூதமே இல்லை.

அதிலிருந்து கடைசிவரை ஓவியை தனியாகவே கடல் தாண்டினாள். ஒவ்வொரு கரையிலும் சமைத்து இரண்டு இலை போட்டாள். ஒன்றில் சாப்பிட்டுவிட்டு மற்றதைத் தண்ணீரில் மிதக்கவிட்டாள்.

"மதி, ஒம்பதாம் வருசத்துல பூதத்தைக் காணோம்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "அதுதான் மாமா நாவலே."

"நான் செத்துட்டனா, உட்டுட்டுப் போயிட்டனா?"

"அது நீங்கன்னு யாரு சொன்னா?"

"தேங்காய் பன்னை இந்த ஊர்ல வேற யாரு அப்பிடித் திங்கறாங்க?"

பூபதி பதிப்பாளரிடம் போனான். சாக்ரடீஸ் என்று பெயர் வைக்கப்பட்டிருந்தும் கேள்விகளைப் பிடிக்காத மனிதர். "சார், பொறிக்குக் கதை தெரியும், காரணம் தெரியாது. இருபதாவதைப் படிச்சீங்களா? நான் அழுதேன் சார். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒப்புநோக்கு ஒண்ணு பாக்கி, அவ்வளவுதான்."

சாவுதான் காரணமோ என்று பூபதி உடம்பு முழுக்கச் சோதித்துக்கொண்டான். எண்பது வயது வரை இதே தொந்தியோடு இருக்கலாம் என்று டாக்டர் கைகொடுத்தார். அப்போதுதான் அவனுக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

மறுநாள் முதல் அவன் பாத்திரம் கழுவினான். போனை அலமாரியில் வைத்துவிட்டு மதிவதனி பேசுவதைக் கேட்டான். பத்தாம் வகுப்பு பி பிரிவில் யார் யாரைக் காப்பியடிக்கிறார்கள் என்பதுகூட அவனுக்கு அத்துப்படியானது.

"மாமா, கம்பெனியில ஏதாச்சும் பண்ணித் தொலைச்சிட்டீங்களா?"

"ஏன், பொண்டாட்டிகிட்ட பேசறது குத்தமா?"

"குத்தமில்லீங்க. பழக்கமில்ல."

பிறகு பழகிவிட்டது. வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. செவிமணியும் கேட்டது.

ஒப்புநோக்கு என்பது சட்டம். யாரோ எழுதியதை யாரோ தன் பெயரில் முதிர்வித்து விற்ற வழக்குக்குப் பிறகு வந்தது. அச்சேறும் முன் எழுதியவரை இன்னும் இரண்டு மாதம் கேட்டு, பொறியை மறுபடி ஓட்டுவார்கள். அதே நாவல் வந்தால் அது அவருடையது. வராவிட்டால் அதற்கு ஆசிரியரே இல்லை, அச்சடிக்கக் கூடாது. மூன்று வாய்ப்பு தருவார்கள்.

சாக்ரடீஸ் புதுப் பெட்டியோடு வீட்டுக்கே வந்தார். "பன்னண்டு கை சார்," என்றார் ஈனக்குரலில்.

புது வரைவில் பூதமே ஏழு கடலையும் தாண்டி, மழையை வாங்கிவந்து, டீயும் போட்டது. ஓவியை ஊஞ்சலில் இருந்தாள். நாற்பது பக்கம். ஐந்தாம் வருடத்திலிருந்து எல்லாம் வெற்றுத்தாள். பொறியில் பழுதில்லை. அதன் கணக்கில், நிம்மதியான மதிவதனி ஐந்தாம் வருடத்தில் எழுதுவதையே விட்டிருந்தாள்.

"ரெண்டு மாசம் பழைய மாதிரி இருங்க சார், கும்பிடறேன்."

இருந்தான். சோபாவில் படுத்து, நேரம் பார்த்து "ம்" என்றான். குறட்டை வராதபோதும் விட்டுப்பார்த்தான். தனக்காக ஒரு மனிதர் இவ்வளவு சிரமப்பட்டுச் சோம்பேறியாக இருப்பதைப் பார்த்து மதிவதனி உருகிப்போனாள்.

பதினான்கு கை.

"பொறி உங்களைக் கேக்கல சார்," என்றார் சாக்ரடீஸ். "மேடம் மனசைக் கேக்குது. இன்னும் ஒரே வாய்ப்பு."

அன்று மாலை மதிவதனி விடைத்தாள் கட்டை ஒதுக்கிவிட்டுப் பழைய இருபதாவது வரைவை மடியில் வைத்திருந்தாள். "ஒவ்வொரு வரியும் எனக்குள்ள இருந்து வந்தாப்லயே இருக்குது மாமா. எழுதுனது நானில்லைங்கறாங்க." பன்னிரண்டு கைக்கும் பதினான்கு கைக்கும் அவள் இப்படி அழுததில்லை.

பூபதி பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்த்தான். ஓசூர் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கினான்.

"வாரா வாரம் வருவீங்கல்ல?"

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா?"

"எனக்கு மூச்சு முட்டுது மதி. உன்னோட பூதமாவே எத்தனை நாளைக்கு இருக்கறது?"

பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வசனம். ஆனால் சொல்லும்போது அதில் கொஞ்சம் உண்மையும் கலந்திருந்ததை இருவருமே கவனித்தார்கள். ஓசூருக்கு வந்த அழைப்புகளை அவன் எடுக்கவில்லை. பிறகு அழைப்பு வரவுமில்லை.

சாக்ரடீஸ்தான் கூப்பிட்டார். "எழுத்துக்கு எழுத்து அதே நாவல் சார்! என்ன பண்ணுனீங்க?"

நாவல் வெளிவந்தது. ஊரே பேசியது. பிறந்த குழந்தைகளுக்கு ஓவியை என்று பெயர் வைத்தார்கள். வாசகர்கள் ஆற்றில் சாப்பாட்டு இலையை மிதக்கவிட, பொதுப்பணித் துறை எச்சரிக்கைப் பலகை வைத்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று பூபதி கோயமுத்தூருக்கு டிக்கெட் எடுத்தான்.

"போயிராதீங்க சார்!" சாக்ரடீஸ் அலறினார். "ஒவ்வொரு மறுபதிப்புக்கும் ஒப்புநோக்கு உண்டு. நீங்க விசயத்தைச் சொன்னா மேடம் சிரிச்சுருவாங்க. சிரிச்சா பூதத்துக்குக் கை மொளைச்சுரும். புத்தகத்தைக் கடையிலிருந்தே எடுத்துருவாங்க. கொஞ்சம் பொறுங்க. பூதக் கதைதான, எத்தனை நாள் ஓடப்போவுது?"

பூபதி பொறுத்தான். தமிழ்நாட்டிலேயே அந்த நாவல் தோற்க வேண்டும் என்று கோயிலில் வேண்டிக்கொண்டவன் அவன் ஒருவன்தான். புனைபெயரில் திட்டி ஒரு விமர்சனம் எழுதினான். அது சர்ச்சையாகி நான்காம் பதிப்பு விற்றுத்தீர்ந்தது. ஒருவழியாக விற்பனை படுத்தபோது ஊர் திரும்பப் பெட்டியைத் துடைத்துவைத்தான்.

"சார், இனிப்பு எடுத்துக்கங்க!" என்றார் சாக்ரடீஸ் போனில். "எல்லாப் பல்கலைக்கழகத்துலயும் பாடமா வச்சுட்டாங்க. இருபது வரைவையும் சேத்தே வச்சிருக்காங்க. வருசா வருசம் பதிப்பு!"

"எத்தனை வருசத்துக்கு?"

"பாடத்திட்டம் மாத்தற வரைக்கும்."

பூபதி தான் கல்லூரியில் படித்த தமிழ்ப் பாடங்களை நினைத்துப் பார்த்தான். அவற்றை அவன் அப்பாவும் படித்திருந்தார்.

அந்த வருடக் கடைசியில், அஞ்சல் வழியில் எம்.ஏ. படிக்கும் சக ஊழியர் லூர்துமேரி, மதியச் சாப்பாட்டின்போது வழிகாட்டி நூலோடு அவன் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சார், நீங்க இந்த நாவலை நிறையத் தடவ படிச்சிருக்கீங்களாமே. 'ஒன்பதாம் வரைவில் பூதம் மறைந்ததற்கான காரணத்தை விளக்குக.' பதினாறு மார்க். இதுல ரெண்டு பதில் போட்டிருக்கு. பூதத்துக்கு ஓவியை மேல அன்பில்லைன்னு ஒண்ணு. அன்பு இருந்ததாலதான் போச்சுன்னு ஒண்ணு. எதை எழுதட்டும்?"

பூபதி சாப்பாட்டு டப்பாவை மூடினான். இந்த அம்மாள் எழுதுவதை யாரோ திருத்துவார்கள். திருத்துபவர் இன்னொரு டீச்சரிடம் சொல்வார். டீச்சர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள், கோயமுத்தூர் வரைக்கும்.

"அன்பில்லைன்னே எழுதுங்க," என்றான்.

"முழு மார்க் கெடைக்குமா சார்?"

"கெடைக்கும். ரெண்டாவது பதிலை மட்டும் அடிச்சிருங்க. நல்லா, தெரியாத மாதிரி."