ஒரு பக்கம் போதும்

ஈனெஸுக்கு மச்சம் இடது கன்னத்தில்தான். பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் துணியை விலக்கியதும் அம்மா மரீன் முதலில் பார்த்தது அதைத்தான். ஆனால் சில வருஷம் கழித்து ஒரு சாயங்காலம், மழை பிடித்து மூலக்குளத்துத் தெருவில் தண்ணீர் தேங்க ஆரம்பித்திருந்த நேரத்தில், குழந்தை கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தபோது கன்னத்தில் மச்சம் தெரிந்தது. திரும்ப இந்தக் கோடிக்கு நடந்து வந்தாள். அப்போதும் தெரிந்தது.

சமையலறையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த மரீன், கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். வலது கன்னத்தில் ஏது மச்சம்? சாக்லேட் ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, கைக்குட்டையை நனைத்து எடுத்துப் போய்த் துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். அப்போதும் போகவில்லை. ஈனெஸ் டிவியைப் பார்த்தபடியே நின்றாள்.

"என்ன மம்மா?"

"ஒண்ணுமில்லடி. கன்னத்துல என்ன பூசிக்கிட்ட?"

டிவியில் ஓடிக்கொண்டிருந்தது முத்தியால்பேட்டையில் மரீன் வேலை பார்க்கும் கார்ட்டூன் ஸ்டூடியோவின் புதுப் படம். காலையில்தான் யூடியூபில் ஏற்றியிருந்தார்கள். புதுப் படம் என்று சொல்லவே அவளுக்கு வாய் கூசியது.

பழைய படம் ஒரு பிரெஞ்சுக் கார்ட்டூன். சில நிமிடம்தான், கறுப்பு வெள்ளை, பேச்சே கிடையாது. ஒரு சிறுமி குடை பிடித்துக்கொண்டு தன் வாத்தைச் சந்தைக்கு ஓட்டிப்போகிறாள். விற்க மனம் வராமல் மழையில் அதோடு வீட்டுக்கு நடக்கிறாள். கடைசியில் நின்று, மெல்லத் திரும்பி, நம்மைப் பார்க்கிறாள். கதை அவ்வளவுதான். ஆனால் அந்தத் திரும்பலில் முதலில் குடை அசையும், அப்புறம் தோள், அப்புறம் பின்னல், கடைசியில்தான் முகம் வரும். யாரோ ஒரு பைத்தியக்காரன் உட்கார்ந்து ஒவ்வொரு அசைவையும் கையால் வரைந்திருந்தான்.

இதைத்தான் முதலாளி ரொபேர் எடுத்துப் புதுப்பித்தார். சர்பத் நிறத்தில் வானம். பிளாஸ்டிக் தோல். வாய் மட்டும் திறந்து மூடும், உடம்பு நட்டுவைத்த கம்பம் மாதிரி நிற்கும். நடந்தால் பின்னால் ஒரு மரம், ஒரு வீடு, குரைக்கிற ஒரு நாய், மறுபடி அதே மரம், அதே வீடு, அதே நாய். பேச்சில்லாத படத்துக்குப் பேச்சு வேறு. நாற்பது வயது அம்மாள் ஒருத்தி மூக்கால் குழந்தைக் குரல் எடுத்து, "வாங்க ஃப்ரெண்ட்ஸ், ஜாலியா நனையலாம்!" என்று மூச்சுக்கு மூச்சு கத்தினாள். நனைய ஆள் கூப்பிடுகிறவள் கையில் குடை எதற்கு என்று யோசிக்க அந்த ஸ்டூடியோவில் ஒரு தலை இல்லை. கீழே கமென்ட்டில் கைதட்டல்கள், இதயங்கள். பார்க்கிறவர்களையும் சேர்த்துத்தான் மரீனுக்கு எரிச்சல்.

அந்தப் பொம்மைக்குத் துளியாவது உயிர் வரட்டும் என்றுதான் அவள் ஈனெஸை ஒருநாள் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனாள். கையில் குடையைக் கொடுத்து நடக்கவிட்டு, சிரிக்கவிட்டு, கேமராவில் எடுக்கச் சொன்னாள். அதைப் பார்த்தாவது வரையட்டும். குழந்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு தடவை நடந்ததுமே ரொபேர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"ஒரு பக்கம் போதும் மரீன். மறுபக்கத்த கண்ணாடியில தெரியறாப்பல திருப்பிப் போட்டுக்கலாம்."

"அப்ப கடைசில திரும்பிப் பாக்கறது?"

"அதுக்கு மொகம் நேரா வரையணும். எம்மாம் வேலை! கொழந்தைங்களுக்கு என்ன தெரியப்போவுது?"

அங்கே அவள் சண்டை போட்டிருக்க வேண்டும். மேற்பார்வை அவளுடையது, அவள் ஒத்துக்கொள்ளாமல் ஒரு காட்சியை வெட்ட முடியாது. அவள் சிரித்தாள். "வெட்டிடுங்க முசியே. இந்த லட்சணத்துக்கு அது திரும்பிப் பாத்தா என்ன, பாக்காட்டி என்ன?" என்றாள். நறுக்கென்று சொன்னதில் உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. ஈனெஸ் பக்கத்திலேயே குடையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

தோசை தீய்ந்த நாற்றம் கூடத்துக்கு வந்தது. மரீன் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து டிவியையும் அணைத்தாள். வீட்டில் மழைச் சத்தமும் மின்விசிறியின் கிறீச்சும் மட்டும் மிஞ்சின. கணவன் தியரி பிரான்சில் பட்டாளத்தில் இருக்கிறான். இந்த வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

ஈனெஸ் மறுபடி நடந்தாள். தட், தட், தட். மரீன் கூர்ந்து கேட்டாள். இவள் என்றைக்கு இப்படி நடந்தாள்? ஒரு கால் தூக்கி ஒரு குதி குதித்து, வழியில் இருக்கும் நாற்காலி ஒவ்வொன்றையும் தட்டிவிட்டு, சுவரில் கையை உரசிக்கொண்டு வருவாள். சுவரெல்லாம் அவள் கை அழுக்கு. இப்போது கை உடம்போடு ஒட்டியிருந்தது. பாதம் விழும் சத்தம் ஒன்றுக்கொன்று மாறாமல், ஒரே சத்தத்தை வெட்டி ஒட்டினதுபோல் விழுந்தது.

மின்விசிறிக் காற்றில் ஜன்னல் திரை படபடத்தது, மேஜைமேல் பேப்பர் படபடத்தது, ஈனெஸின் முடி மட்டும் அசையவில்லை. மரீன் குனிந்து அவள் உச்சியை முகர்ந்தாள். காலையில் தடவிவிட்ட தேங்காயெண்ணெய் இல்லை. பள்ளிக்கூடத்து வியர்வை இல்லை. பென்சில் வாசனை, பிஸ்கட் வாசனை, எதுவுமே இல்லை. வாசனையெல்லாம் போட ஸ்டூடியோக்காரர்களுக்கு ஏது நேரம் என்று ஒரு நினைப்பு தானாக வந்தது. வந்த பிறகுதான் அவளுக்கு முதுகு சில்லிட்டது.

"ஈனெஸ், பசிக்குதாடி?"

"பசிக்குது மம்மா." வாய் மட்டும் அசைந்தது. கன்னம் அசையவில்லை. தொண்டை அசையவில்லை. குரல் மூக்கால் வந்தது.

தெருவில் ஒரு நாய் குரைத்தது. கொஞ்சம் பொறுத்து அதே நாய், அதே மாதிரி.

மரீன் ரொபேருக்குப் போன் போட்டாள். அவர் குரலில் உற்சாகம் வழிந்தது. "மரீன்! பாத்தீங்களா, எத்தினி பேர் பாத்துட்டாங்க!"

"முசியே, எங்க பொண்ண எடுத்தீங்களே அந்த வீடியோ, அது எங்க இருக்கு?"

"அத அப்பவே அழிச்சாச்சே. வேணுங்கறத எடுத்துக்கிட்டோம். மிச்சம் எதுக்கு, எடத்த அடைச்சிக்கிட்டு?"

"அந்தக் கடைசிக் காட்சிய சேர்த்துடுங்க. நானே வரையறேன். சம்பளமே வேணாம். நைட்டோட நைட்டா முடிச்சிடறேன்."

அவர் சிரித்தார். "என்னாத்துக்கு? ஒருத்தர்கூட கேக்கல. நீங்கதான வெட்டச் சொன்னீங்க?"

போனை வைத்தாள். பயத்தைவிட முதலில் ஆத்திரம்தான் வந்தது. எடுத்ததுதான் எடுத்தார்கள், முழுசாக எடுத்து உருப்படியாக வைத்துக்கொள்ளவாவது தெரிந்ததா இந்தக் கும்பலுக்கு? என் குழந்தையின் குதியையும் வாசனையையும் கை அழுக்கையும் வாங்கிக் குப்பையில் கொட்டிவிட்டு, ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கேவலமாகத் திருடுவதற்குக்கூடவா ஒரு அளவில்லை?

அவள் மேஜையிலிருந்து தாளையும் பென்சிலையும் எடுத்தாள். அவர்கள் வரையாவிட்டால் போகட்டும். இந்தக் கைக்கு வரையத் தெரியும். குடை, தோள், பின்னல், முகம். குழந்தை ஒரே ஒரு தடவை நேராகப் பார்த்தால் போதும்.

ஈனெஸ் நடந்துகொண்டிருந்தாள். அவள் தாண்டியது ஃபிரிட்ஜை, காலண்டரை, செருப்பு ஸ்டாண்டை. அப்புறம் ஃபிரிட்ஜை. காலண்டரை. செருப்பு ஸ்டாண்டை. இந்த வீட்டில் ஒரு ஃபிரிட்ஜ்தான் உண்டு. எட்டி நடந்தால் முடிந்துபோகிற கூடம் இது. அவள் நடந்துகொண்டே இருந்தாள். சுவர் போய்க்கொண்டே இருந்தது.

"ஈனெஸ். நில்லு."

நின்றாள். பக்கவாட்டில்.

"மம்மாவ நேரா பாருடி செல்லம்."

இடது பக்கம் தெரிந்தது. சட்டென்று வலது பக்கம் தெரிந்தது. நடுவில் எதுவுமில்லை. இடது. வலது. இரண்டிலும் மச்சம்.

மரீன் சுற்றிக்கொண்டு முன்னால் போனாள். பக்கவாட்டு முகம். இன்னும் சுற்றினாள். பக்கவாட்டு முகம். சுவரில் முதுகை உரசிக்கொண்டு சுற்றினாள். காது, கன்னம், மச்சம், பாதி உதடு. அவ்வளவுதான்.

"வெளையாடாத. மம்மாவுக்கு பயமா இருக்கு."

கண் சிமிட்டியது. ஒரு கண். கொஞ்சம் பொறுத்து மறுபடி.

மண்டியிட்டாள். பென்சில் உருண்டு போனது. இரண்டு கையாலும் குழந்தையின் கன்னங்களைப் பிடித்தாள். சூடில்லை. இரண்டு உள்ளங்கையிலும் ஒவ்வொரு மச்சம் தட்டுப்பட்டது.

மெல்லத் திருப்பினாள்.

முதலில் தோள் வந்தது. அப்புறம் பின்னல் வந்தது.

அப்புறம் முகம் வர வேண்டிய இடம் வந்தது. வெள்ளையாக. வழவழவென்று. யாரும் வரையாத தாள். கீழே ஒரு வாய் மட்டும்.

வாய் திறந்தது. இந்த முறை மூக்குக் குரல் இல்லை. ஈனெஸின் சொந்தக் குரல்தான்.

"திரும்பிப் பாத்தா என்ன மம்மா, பாக்காட்டி என்ன?"

மூடியது. மரீனின் கைகளுக்கு நடுவில் அந்த வெள்ளை அசையாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. தெருவில் அதே நாய் குரைத்தது.