இருவருக்கான மேசை

செவன் கிங்ஸில் கணேசலிங்கத்தின் வீட்டு வாசலில் டாக்ஸியை விட்டு இறங்கியதும் பாலேந்திரா முதலில் செய்த காரியம், மூக்கைச் சுளித்ததுதான். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய பழைய செங்கல் வீடுகளின் வரிசையில் அதுவும் ஒன்று. உள்ளே ஒடுங்கிய நடை. படிக்கட்டின் கீழே ஒரு குட்டி மேசையில் டெலிபோன். சுவர்க் கடதாசியின் மூலைகள் ஈரம் ஊறிக் கறுத்துப்போயிருந்தன.

"ரொறொன்ரோவிலை நாய்க்கும் இதைவிடப் பெரிய இடம் குடுப்பம்," என்றான், சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே.

நாற்பத்தெட்டு வயது மனிதனை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. எனக்கு மனம் வரவில்லை.

கணேசலிங்கம் அவன் மனைவி வசந்தமலரின் சித்தப்பா மகன். பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. விருந்தாளிகளுக்காகப் பத்து நாள் லீவு எடுத்து, தன் கட்டிலையும் விட்டுக்கொடுத்து, வரவேற்பறையில் பாய் விரித்துப் படுத்தான். அதற்கு நன்றி சொல்ல பாலேந்திராவுக்கு நேரமில்லை. ரொறொன்ரோவில் அவன் வீடு விற்கும் தரகன். பஸ் தரிப்பிடத்து வாங்கு இருக்கைகளின் முதுகில் அவனுடைய படம் சிரித்துக்கொண்டிருக்கும். அதோடு அங்குள்ள கோயில் நிர்வாகசபையின் தலைவரும் அவன்தான். இரண்டு பெருமையையும் ஒரே தலையில் சுமப்பதால் கழுத்து எப்போதும் நிமிர்ந்தே இருக்கும்.

அவன் லண்டனுக்கு வந்தது சொந்தம் பார்க்க அல்ல. சோஹோவில் சில்வர் ஃபேன் என்றொரு காபரே அரங்கு, பேர்போன இடம். சக தரகன் ஒருவன் அங்கே போய்வந்து ஒரு வருடமாக அதைப் பற்றியே அளந்துகொண்டிருந்தான். அந்த வாயை அடைக்க வேண்டும். மூன்று மாதங்களுக்கு முன்பே டெலிபோனில் மேசை பதிவு செய்தாயிற்று. சனிக்கிழமை, இருவருக்கான மேசை, மேடைக்கு அருகில், ஆறரைக்கு விருந்து, ஏழரைக்கு ஆட்டம். செவன் கிங்ஸில் எத்தனை மணி ரயில், லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் எந்தப் பக்கம் இறங்குவது, எந்தச் சட்டைக்கு எந்த டை என்று எல்லாம் ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தான். கோயில்காரரிடம் மட்டும் 'ஒரு இசை நிகழ்ச்சி' என்று சொல்லி வைத்திருந்தான்.

"நீயும் வாறாய். ஆனால் பட்டுச்சீலையைச் சுத்திக்கொண்டு வந்து என்ரை மானத்தை வாங்காதை," என்று மனைவிக்கும் உத்தரவு போட்டாயிற்று.

இந்தத் திட்டத்துக்குள் அடங்காத ஓராள் இருந்தாள். அவனுடைய ஒரே அக்கா தவநாயகி. கலியாணம் கட்டாதவள். போருக்கு நடுவே ஊரைவிட்டுக் கிளாலிக் கடலைப் படகில் கடந்து, நெஞ்சு வருத்தத்துக்கு மருந்து தேடிக் கொழும்பு வந்து, வெள்ளவத்தையில் சூசைதாசன் என்பவருடைய லொட்ஜில் மூன்று மாதமாகக் கிடந்தாள். தம்பி லண்டனுக்கு வருகிறான் என்று அறிந்து கடிதம் போட்டிருந்தாள். 'லண்டன் எண்டால் அரைவாசித் தூரம் வந்தமாதிரித்தானே தம்பி. மிச்சத்தையும் வந்து ஒருக்கால் முகத்தைக் காட்டிவிட்டுப் போ.'

கணேசலிங்கத்துக்கு அதை உரக்க வாசித்துக் காட்டிவிட்டு அவன் சிரித்தான். "பூகோளம் தெரியாத சனம். ஒவ்வொண்டுக்கும் உலகப் படம் வாங்கி அனுப்பவேணும்."

1994 நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை அது. நாலு மணிக்கே வெளிச்சம் போய்விட்டது. பாலேந்திரா கண்ணாடி முன் நின்று டை கட்டிக்கொண்டிருந்தபோது கீழே டெலிபோன் அடித்தது. கணேசலிங்கம் எடுத்தான். 'ஓம்... ஓம்...' என்று இரண்டு தரம் சொன்னான்.

பாலேந்திரா படி இறங்கி வந்தான். கணேசலிங்கத்தின் முகத்தைப் பார்த்த கணமே அவனுக்கு விளங்கிவிட்டது.

"அத்தான், கொழும்பிலை இருந்து சூசைதாசன். தவநாயகி அக்கா..."

"பொறு. சொல்லாதை."

"இல்லை அத்தான், அக்கா இண்டைக்கு..."

"சொல்லாதை எண்டுறன்!"

கையை உயர்த்தியபடி நின்றான். அந்தக் கையில் புது வாசனைத் தைலம் மணத்தது.

"துடக்குத் தீட்டு எப்ப துடங்கிறது? ஆள் போன நேரத்திலை இல்லை. எங்கடை காதிலை விழுந்த நேரத்திலை. கோயில் சபையிலை எத்தினை பேருக்கு நானே தீர்ப்புச் சொன்னனான். இப்ப நீ வாயைத் திறந்தால் எனக்கு முப்பத்தொரு நாள். கொண்டாட்டம் ஒண்டுக்கும் போகேலாது. கேட்டுப்போட்டுப் போனான் எண்டு நாளைக்கு நாலு பேர் கதைப்பாங்கள். பத்து மணிக்கு வந்திடுவன். அப்ப சொல்லு. இருந்து அழுறன்."

"அதுமட்டும்?"

"அதுமட்டும் அவ உயிரோடை இருக்கட்டும்."

சட்டம் தெரிந்தவன் பேசுவது போலத்தான் பேசினான். ரிசீவருக்குள்ளிருந்து சூசைதாசனின் குரல் 'ஹலோ, ஹலோ' என்று மெலிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

கணேசலிங்கத்தின் கண் கலங்கியது. "சரி, நான் அதைச் சொல்லேல்லை. ஒண்டுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. நீங்கள் கொழும்புக்கு வருவீங்களோ, மாட்டீங்களோ எண்டு கேக்கினம். வாறதெண்டால் வைச்சுக்கொண்டு காத்திருப்பினமாம். இல்லாட்டி ஆர் செய்யவேணும் எண்டு நீங்கள்தான் சொல்லவேணும். அவவுக்கு வேறை ஆர் இருக்கினம்?"

"நான் ஒண்டும் கேட்கேல்லை," என்றான் பாலேந்திரா. விரலால் டெலிபோனை அமத்தித் தொடர்பைத் துண்டித்தான்.

படிக்கட்டின் மேலே வசந்தமலர் நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. அப்படியே படியில் குந்திவிட்டாள். "நீங்கள் மனுசனோ?" என்று மட்டும் கேட்டாள்.

"உனக்குத் தலையிடி. போய்ப் படு," என்று சொல்லி, கோட்டை மாட்டிக்கொண்டு தனியே புறப்பட்டான். அட்டையில் எழுதிய ரயில் தவறவில்லை.

சில்வர் ஃபேனின் வாசலில் சிவப்புக் கம்பளம். கறுப்பு உடுப்புப் போட்ட வெள்ளைக்காரி பதிவுப் பட்டியலில் விரல் ஓட்டி அவன் பெயரைக் கண்டுபிடித்தாள். பன்னிரண்டாம் மேசை என்றாள். பிறகு புன்னகையோடு, "உங்களோடு வரவேண்டிய பெண் முன்னமே வந்து உட்கார்ந்துவிட்டார்," என்றாள்.

பாலேந்திராவுக்குச் சிரிப்பு வந்தது. அழுது வடிந்தவள் டாக்ஸி பிடித்து எனக்கு முந்தி வந்துவிட்டாளே! பெண்டுகளின் துக்கம் இவ்வளவுதான் என்று எண்ணிக்கொண்டு உள்ளே போனான்.

மேசையில் யாருமில்லை. எதிர்க் கதிரை மட்டும் யாரோ எழுந்து போனது போலப் பின்னுக்கு இழுபட்டிருந்தது. முகம் கழுவப் போயிருப்பாள் என்று நினைத்து, தனக்கு வைன் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். சுற்றிலும் வாசனைத் தைலமும் சுருட்டுப் புகையும் வறுத்த இறைச்சியும் மணத்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு மணமும் மெல்ல எழுந்தது. எண்ணெய் கலந்த, புளித்த மணம். எங்கோ அறிந்த மணம்தான்; எங்கே என்று பிடிபடவில்லை. இந்த நாட்டுச் சமையலே இப்படித்தான் என்று உதட்டைப் பிதுக்கினான்.

விருந்து முடிந்தும் எதிர்க் கதிரை காலியாகவே இருந்தது; கோபித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள் என்று விட்டுவிட்டான். விளக்குகள் அணைந்தன. முரசு அதிர்ந்தது. இறகுத் தொப்பி வைத்த பெண்கள் வரிசையாக மேடையில் வந்தார்கள். மூன்று மாதத் திட்டம் கண்முன்னால் பலித்துக்கொண்டிருந்தது. திருப்தியோடு காலை நீட்டினான்.

கால் எதிலோ பட்டது.

சப்பாத்தையும் காலுறையையும் தாண்டிக் குளிர் ஏறியது. மேசை விரிப்பை விலக்கிக் குனிந்து பார்த்தான். எதிர்க் கதிரையின் முன்னால் இரண்டு வெறுங்கால்கள் ஒட்டி நின்றன. பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைச் சீலைக் கிழிசலால் கட்டியிருந்தது.

அப்போதுதான் அந்த மணம் பிடிபட்டது. அரப்பு. பிரேதத்தைக் குளிப்பாட்ட முன் தலையில் வைக்கிற அரப்பு.

நிமிரப் பயந்து குனிந்தபடியே இருந்தான்.

நிமிராமலும் இருக்க முடியவில்லை.

தவநாயகி கதிரையில் நேராக உட்கார்ந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாடியைச் சுற்றி உச்சந்தலை வரைக்கும் வெள்ளைத் துணியால் கட்டு. நீலமும் சிவப்புமாக மேடை வெளிச்சம் அவள் முகத்தில் மாறி மாறி விழுந்தது. கண்கள் இமைக்கவில்லை. ஆட்டம் முடியும்வரை பொறுத்திருக்க வந்தவள் போல இருந்தாள்.

பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். கோபமில்லை. வருவியோ, மாட்டியோ என்று பதிலுக்குக் காத்திருக்கும் முகம் அது.

மேசையைத் தட்டிவிட்டு எழுந்து ஓடினான். வைன் கிண்ணம் உருண்டு உடைந்தது. வாசலில் பணியாள் மறித்து, "சேர், மெதுவாகப் போங்கள், அம்மாவால் உங்கள் வேகத்துக்கு வர முடியவில்லை," என்றான். அவன் கண்கள் பாலேந்திராவின் தோளுக்குப் பின்னால் பார்த்தன.

நிலத்தடி ரயிலுக்கு இறங்கும் படிகளில் அந்தச் சத்தம் கேட்டது.

தொப்.

இரண்டு காலும் சேர்ந்து ஒரு படி இறங்கும் சத்தம்.

தொப்.

அவன் நின்றால் அதுவும் நின்றது. பெட்டிக்குள் எதிர் இருக்கைக்காரர் பத்திரிகையை மடித்துக்கொண்டு, மூக்கைப் பொத்தியபடி, வேறு இடம் பார்த்துப் போனார். வந்த நாளிலிருந்து ஊரையெல்லாம் பார்த்து மூக்கைச் சுளித்தவன், வியர்வையில் டை ஒட்டிக்கிடக்க, 'முருகா முருகா' என்று முணுமுணுத்தபடி செவன் கிங்ஸ் வரைக்கும் வந்தான்.

எட்டரை மணிக்குக் கதவை உடைக்காத குறையாகத் தட்டினான்.

"கணேஸ், சொல்லு! இப்ப சொல்லு. கேட்கிறன்."

கணேசலிங்கம் ஒரு பெருமூச்சு விட்டான். வாயைத் திறந்தான். உதடுகள் அசைந்தன.

ஒன்றும் கேட்கவில்லை.

குசினியில் ஃபிரிட்ஜ் இரைவது கேட்டது. தூரத்தில் ரயில் போவது கேட்டது. கணேசலிங்கத்தின் சொல் மட்டும் கேட்கவில்லை.

"உரத்துச் சொல்லடா!"

"உரத்துத்தானே சொல்லுறன், அத்தான்!" அது தெளிவாகக் கேட்டது. மறுபடி உதடுகள் அசைந்தன. மறுபடி மௌனம்.

வசந்தமலர் வந்து சொன்னாள். அதுவும் கேட்கவில்லை. காகிதத்தில் எழுதித் தரச் சொன்னான். அவள் எழுதிய காகிதம் அவன் கண்ணுக்கு வெறுமையாகத் தெரிந்தது. தானே சொல்லிப் பார்த்தான். வாய் திறந்தது, காற்று வந்தது, சொல் வரவில்லை. கோயில் சபையில் ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொன்ன வாய் அது.

கொழும்புக்கு எடுத்தான். "சொல்லுங்கோ ஐயா, உங்கடை பதிலைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறம்," என்றார் சூசைதாசன். செய்யுங்கோ, என்னைப் பார்க்கவேண்டாம், எரியுங்கோ என்று தொண்டை கிழியக் கத்தினான்.

"ஹலோ? ஐயா, ஒண்டும் விளங்கேல்லை. ஹலோ?"

கணேசலிங்கம் ரிசீவரை வாங்கிப் பேசினான். உடன்பிறந்தவரின் வாயால் வராத பதிலை எப்படி எடுப்பது என்று அங்கே தயங்கினார்கள். இரண்டு நாள் பார்த்தார்கள். மூன்றாம் நாள் சூசைதாசனே கொள்ளி வைத்தார். கழுத்தில் சிலுவை போட்ட மனிதர். மூன்று மாதம் அவளுக்குக் கஞ்சி கொடுத்த உரிமை தவிர வேறு உரிமை அவருக்கு இல்லை. அந்தச் செய்தியையும் கணேசலிங்கம் அத்தானிடம் சொன்னான். அவனுக்கு அதுவும் கேட்கவில்லை.

எட்டாம் நாள் கணேசலிங்கத்தின் வீட்டிலேயே படையல் வைத்தார்கள். வசந்தமலர் காலையில் இருந்து சமைத்தாள். புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைப்பழம், ஆடை படிந்த பால் தேத்தண்ணி என்று தவநாயகிக்குப் பிடித்தது எல்லாம் வரவேற்பறையில் வாழையிலையில் நிறைந்தது. வீட்டுக்கு அன்று எட்டாம் நாள். பாலேந்திராவுக்கு முதலாம் நாளே இன்னும் வரவில்லை. சவரம் செய்யாத முகத்தோடு, யார் எதைச் சொன்னாலும் 'ஓம், ஓம்' என்று தலையாட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றான். ரொறொன்ரோ நாயைப் பற்றி அவன் இப்போது பேசுவதில்லை.

கணேசலிங்கம் கற்பூரம் கொளுத்தினான். செத்தவர் வந்து சாப்பிடும்போது உயிரோடிருப்பவர் பார்க்கக்கூடாது. எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும்.

"வாங்கோ, வெளியிலை நிப்பம். அவ வந்து சாப்பிடட்டும்," என்று வசந்தமலர் மெல்லச் சொன்னாள்.

அவள் முதலில் நடைக்கு வந்தாள். பின்னால் பாலேந்திரா. கடைசியாகக் கதவுப் பிடியைப் பற்றியபடி கணேசலிங்கம். பாலேந்திரா வாசற்படியைத் தாண்டி இரண்டடி வைத்ததும், அவன் முதுகுக்குப் பின்னால், படியைத் தாண்டி ஒரு சத்தம் வந்தது.

தொப்.

கணேசலிங்கம் கதவைச் சாத்தினான். உள்ளே படையல் தனியாக இருந்தது. அதற்கு வர வேண்டியவள் உயிரோடிருப்பவர்களோடு சேர்ந்து வெளியே வந்து, அவன் தோளருகில் நின்றாள். அரப்பு மணத்தது. பாலேந்திரா அசையாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒடுங்கிய நடை அது. வசந்தமலர் குளிருகிறது என்று சொல்லிச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஏனென்று தெரியாமலே, ஓராளுக்கு இடம்விட்டுத் தள்ளி நின்றாள்.