மெழுகு படிந்த வாங்கு

யோசேப்பு வந்த வேகத்தில் ஆஸ்பத்திரிப் பதிவறைக் கதவு சுவரில் மோதித் திரும்பியது. உப்புக் காயாத சேர்ட்டோடு நின்றவன், மேசைக்குப் பின்னால் இருந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“திங்கக்கிழமை விசாரணை, டொக்டர். நான் கண்மண் தெரியாம ஓட்டி மக்தலேனா மாமியின்ட முதுகெலும்ப உடைச்சுப்போட்டேனாம். மகள் நிஷாந்தினி பொலிசில எழுதிக் குடுத்திட்டா. படகு ஓட்டுற அனுமதியப் பறிச்சா நான் என்ன செய்யிற? எனக்குக் கடல விட்டா வேற ஒண்டும் தெரியாது. மாமியின்ட கோப்பில என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்காக் காட்டுவீங்களா?”

அருள்குமரனுக்குக் கை குறுகுறுத்தது. நோயாளிகளின் ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டு எண்ணைப் போடுவது அந்த ஆஸ்பத்திரியில் அவனுடைய வேலை. துப்புத் துலக்குவது அவனுடைய ஆசை. பதிவுப் பிரிவுக்குப் பொறுப்பான வைத்தியர் பஸீனாவோ எதற்கும் பதறாதவர். அவர் கதிரையைக் காட்டி விவரம் கேட்டார்.

“இருந்து செல்லுங்க தம்பி. என்ன நடந்த?”

தலவில அன்னம்மாள் கோயிலில் மார்ச் திருவிழா முடிந்து, சிலாபத்துக்கு வடக்கே உள்ள தங்கள் ஊருக்கு எல்லோரும் யோசேப்பின் படகில் திரும்பியிருக்கிறார்கள். வழியில் ஓர் அலை படகைத் தூக்கிப் போட்டது. மாமி “அம்மா!” என்று கத்தினாள். விடிந்தபோது அவளால் எழும்ப முடியவில்லை.

“அவங்கட கோப்ப உங்களுக்குக் காட்ட ஏலாது,” என்றார் பஸீனா. “ஆனா அதுல எங்களுக்கும் ஒரு வேல மிச்சமிருக்கு. போயிட்டு வாங்க.”

அவன் போனதும் அருள் பேனையைத் திறந்தான். “படகு, அலை, அலறல். விபத்துக்குரிய நம்பரைப் போட்டிடட்டா மெடம்?”

“கோப்புல என்ன எழுதியிருக்கு?”

“முள்ளந்தண்டில் மூன்று எலும்புகள் சரிந்துள்ளன. அவ்வளவுதான்.”

“அடிபட்டு உடஞ்சா ஒரு நம்பர். எலும்பு நோயால சரிஞ்சா வேற நம்பர். பார்த்த டொக்டரே காரணம் எழுதல்ல. நீ எப்பிடிப் போடுவ?”

வார்ட்டில் கேட்டார்கள். இந்த ஒரு எக்ஸ்ரேயை வைத்துச் சரிவு பழையதா புதியதா என்று அடித்துச் சொல்ல முடியாது என்று கையை விரித்தார் மாமியைப் பார்த்த இளம் டொக்டர். மாமியைப் பட்டி கட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்; பஸீனா உடனே குடையை எடுத்துக்கொண்டு அங்கே புறப்பட்டார். அருளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்! மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடி எல்லாப் பையையும் துழாவினான். அது கையிலேயே இருந்தது.

நிஷாந்தினி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். கொழும்பில் வேலை செய்பவள். திருவிழாவுக்கு வந்த இடத்தில் இப்படி ஆகிவிட்டது. அடுத்த மாதம் இத்தாலிக்குப் போக விசாவும் கையில் இருந்தது.

“யோசேப்புக்காகக் கதைக்க வந்தா இப்பவே போங்க.”

“உம்மாட முதுகு வருத்தத்துக்குக் காரணம் தேடி வந்திருக்கம், மகள். வேற ஒண்டுமில்ல,” என்றார் பஸீனா. அவள் வழிவிட்டாள்.

மக்தலேனா இடுப்புப் பட்டியோடு கட்டிலில் கிடந்தாள். எதிர்ச்சுவரில் பலகை மாடம். அதன்மேல் பளபளக்கும் புது அன்னம்மாள் சுரூபம்.

“வடிவான சுரூபம்,” என்றார் பஸீனா.

“தலவிலவில வாங்கினது. கடதாசியில சுத்தி, படகில அம்மா இருந்த அதே பலகையில அவவுக்குப் பக்கத்திலதான் வச்சுக்கொண்டு வந்தம்,” என்றாள் நிஷாந்தினி.

“மாடம் நல்ல உயரம்.”

“அப்பா இருக்கேக்க அம்மாவின்ட கை எட்டுற அளவு பாத்து அடிச்சவர். இப்ப அம்மா தனியத்தான். ஒரு பின்னேரம்கூட மெழுகுதிரி கொளுத்தாம விடமாட்டா.”

மாடத்துக்குக் கீழே பெஞ்சு மாதிரி ஒரு சின்ன மர வாங்கு கிடந்தது. அதில் மெழுகு சிந்திச் சிந்தி அடுக்காய்ப் படிந்திருந்தது. மேலே வெள்ளை, அடியில் தூசு கலந்த பழுப்பு. நடுவில் மட்டும் சிறிய பாதங்கள் இரண்டின் அளவுக்கு வெறும் பலகை. ‘துடைக்கிற பழக்கமே இல்லாத வீடு’ என்று அருள் மனதுக்குள் தீர்ப்பு எழுதினான்.

“அருள், யோசேப்பக் கூட்டிட்டு வா. ஓடு!”

அருள் மணலில் விழுந்தடித்து ஓடி, வலை காயவைத்துக்கொண்டிருந்தவனை இழுக்காத குறையாகக் கொண்டுவந்தான். நிஷாந்தினி அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எலும்ப உடைக்கிற அடிதான் அதுண்டா,” என்று தொடங்கினார் பஸீனா, “அதே பலகையில இருந்த பிளாஸ்டர் சுரூபம் என்னாகணும்? விரல் நுனிகூட உடையல்ல பாருங்க.”

அருள் பாய்ந்து போய்ப் பார்த்தான். “ஓம் மெடம்! ஒரு கீறலும் இல்ல!”

“ஆனா மாமி கத்தினா. அதுவும் பொய்யில்ல. அப்ப அலை பெரிசில்ல, எலும்புதான் பலமில்ல. நல்ல எலும்ப உடைக்காத சின்னக் குலுக்கல்ல ஒரு எலும்பு போனா, அத விபத்தெண்டு எழுதுறல்ல, நோயெண்டுதான் எழுதுற.”

“அலைக்கு முந்தியே நோய் இருந்த எண்டு எப்பிடித் தெரியும்?” நிஷாந்தினியின் குரல் உயர்ந்தது.

“அந்த வாங்கு செல்லுது. கை எட்டுற அளவுல அடிச்ச மாடம். அதுக்கு உம்மா வாங்குல ஏறி நிண்டு மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறா. அதுவும் மாசக்கணக்கா, அடி மெழுகு பழுத்துப் போச்சு. நடுவுல கால் வச்ச இடத்துல மட்டும் மெழுகு விழல்ல. சுவர் வளரல்ல, மகள். உம்மாதான் கட்டையாகிட்டா. முள்ளந்தண்டு எலும்பு ஒண்டொண்டாச் சரிஞ்சா ஆள் அப்பிடித்தான் குறையிற.”

எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள். மக்தலேனா கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“போன நத்தார்ப் பெருநாளுக்கு முந்தியே முதுகில நோ தொடங்கிற்று. சொன்னா இவ இத்தாலிப் பயணத்த நிப்பாட்டிப்போடுவா. அதான் பல்லக் கடிச்சுக்கொண்டு இருந்தன். அலையில குலுக்கினதும் எல்லாரும் படகு எண்டாங்க. நானும் பேசாம இருந்திட்டன். பழி உன்னில விழும் எண்டு நினைக்கேல்ல யோசேப்பு. விழுந்த பிறகு வாய் திறக்கப் பயமாப் போச்சு.”

நிஷாந்தினி கட்டிலடியில் உட்கார்ந்து தாயின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யோசேப்பு வாசலுக்குப் போய்க் கடலைப் பார்த்து நின்றான்.

“காரணத்த நான் எழுத ஏலாது,” என்றார் பஸீனா. “பார்த்த டொக்டர்தான் எழுதணும். நாளைக்கே ஸ்கேன் எடுப்பம். விபத்தெண்டே விட்டிருந்தா எலும்புக்கு ஒரு மருந்தும் குடுத்திருக்க மாட்டாங்க. அடுத்த எலும்பும் போயிருக்கும்.”

ஸ்கேன் அவர் சொன்னதையே சொன்னது: இரண்டு சரிவு பழையது, ஒன்று புதியது, எலும்பு முழுவதும் தேய்ந்து பலமிழந்திருந்தது. டொக்டர் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டார். அருள் பேனையைத் திறந்து நோய்க்குரிய எண்ணைப் போட்டான். நிஷாந்தினி முறைப்பாட்டைத் திரும்பப் பெற்றாள். திங்கட்கிழமை யோசேப்பு விசாரணைக்குப் போகவில்லை, கடலுக்குப் போனான்.

அன்று பின்னேரம் அருள் மக்தலேனாவின் வீட்டுக்கு ஓடினான். உள்ளே சுத்தியல் சத்தம். யோசேப்பு வாயில் ஆணியைக் கடித்தபடி மாடத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். நிஷாந்தினி சுரூபத்தை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். மக்தலேனா பட்டி கட்டி, மகளின் தோளைப் பிடித்து நின்று, மற்றக் கையைச் சுவரோடு உயர்த்தினாள்.

“இன்னும் கொஞ்சம் கீழ, மகன்.”

“இந்த அளவு போதுமா மாமி?”

“ஓம், ஓம். அதில அடி.”

அவன் அடித்து முடித்ததும் மக்தலேனா தரையில் நின்றபடியே மெழுகுதிரியைக் கொளுத்தினாள்.