வால்கள் திரும்பின

படத்தில் ஏதோ சரியாக இல்லை. ரெனால்டின் தலைமுடி திரையில் நீலக் கோடாகக் கிடந்தது. லேசர் அதை நுனிமுதல் வேர்ப்பக்கம்வரை சுட்டுச் சென்ற தடம் அது. நீலத்தின் நடுவே, ஏழு நாள் வளர்ச்சிக்கு ஒன்றாக, மஞ்சள் பட்டைகள். மஞ்சள் என்றால் ஆர்சனிக் நஞ்சு. ஒவ்வொரு பட்டைக்குப் பின்னாலும், ஈரச் சுவரில் கசிந்த கறைபோல ஒரு வால் நீண்டிருந்தது.

மும்பை செம்பூர் ஆய்வகத்தில் இருபது வருடமாக இந்த மெஷினை ஓட்டும் வேங்கடசுப்ரமணியன் போன வாரமே சொல்லிவிட்டார், முன்பு சுட்ட சாம்பிளின் தூள் குழாயில் தங்கி அடுத்ததில் கலக்கிறது என்று. "மெஷினோட அழுக்கைப் பாத்துண்டு உன் ஆம்படையான் சாவுக்குக் காரணம் தேடாதேம்மா."

அவரிடமே வேலை பழகிய ஷைனி, ரெனால்டின் மனைவி, நம்பினாள். ரெனால்ட் இருமத் தொடங்கியபோது சனிக்கிழமைதோறும் கோவண்டி வீட்டுக்குச் சுக்குக் கஷாயம் கொண்டுவந்தவர் அவர். அடக்கத்துக்குப் பிறகு, நீ சாப்பிடுவதே இல்லை என்று அவளுக்கும் கொண்டுவந்தார். ரெனால்டின் சாவுக்குக் காரணம் குடல் நோய் என்று ஆஸ்பத்திரி எழுதியிருந்தது. சவப்பெட்டியை மூடுமுன் வெட்டி ஜெபப் புத்தகத்தில் வைத்த முடியை அவள் இங்கே எடுத்துவந்தது, வீட்டுத் தண்ணீர்மேல் சந்தேகப்பட்டுத்தான்.

இன்று சனிக்கிழமை மத்தியானம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சுத்தமான முடி தேவைப்பட்டது. தன் தலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கி வைத்தாள். அதற்குமுன் ஒரு மணி நேரம் வாயுவை விட்டுக் குழாயைக் கழுவியிருந்தாள்.

வெளியே மழை. உள்ளே பம்பின் விடாத உறுமல். நாலு வாரமாக நாக்கில் நாணயத்தைச் சப்பியதுபோன்ற ருசி. விரல் நுனிகளில் மரமரப்பு. துக்கம் என்று நினைத்திருந்தாள்.

அவள் முடி திரையில் மெல்ல வந்தது. நுனி நீலம். நடு நீலம். வேரை நெருங்கும்போது ஒரு மஞ்சள். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. மொத்தம் ஆறு. ஒவ்வொன்றுக்கும் வால்.

மெஷின் அழுக்குதான் என்று சொல்லிக்கொண்டாள். அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. எதிர்த் திசையில் சுட வேண்டும். மெஷினால் வந்தது திசையோடு திரும்பும். முடியில் இருப்பது இருந்த இடத்திலேயே இருக்கும். இதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

வேரிலிருந்து நுனிக்கு ஓட்டினாள்.

வால்கள் திரும்பின.

பட்டைகள் அசையவில்லை.

ஆறு பட்டை. ரெனால்ட் போய் ஆறு சனிக்கிழமை.

கதவுச் சத்தம் பம்பில் மறைந்துபோயிற்று. சுக்கு வாசனைதான் முதலில் வந்தது.

"இன்னும் அந்த அழுக்கையே பாத்துண்டிருக்கியா?"

ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றி நீட்டினார்.

"ஆறறதுக்குள்ள குடிச்சுடு."

வாங்கினாள். ஆவி பறந்தது. விரல்களில் சூடே தெரியவில்லை. அவர் திரையைப் பார்க்கவே இல்லை. அவள் தொண்டையைப் பார்த்தபடி நின்றார்.